செவ்வாய்க்கிழமை எரிந்த விளக்கு

கெசீனா வீட்டில் இல்லாதது ஐந்தே நாள்.

திங்கட்கிழமை விடியலில் ஹனோவருக்குப் போனாள், புது மாடல் டிராம் ஓட்டும் பயிற்சிக்கு. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ப்ரேமன் திரும்பி, கதவைத் திறந்து, நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு ஹாலுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹால் முழுக்க வெள்ளை வெளிச்சம். ஆபரேஷன் தியேட்டரில் எரியுமே, அந்த மாதிரி.

ஹாலில் கெசீனா வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டியின் விளக்கு அது. பழைய டியூப் லைட்டில் மீனும் நாலு தோல் பவளமும்தான் பிழைக்கும், கிளைப் பவளமும், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற பிராணியும் வேண்டுமென்றால் விளக்கை மாற்றியே ஆகவேண்டும் என்று கடைக்கார ஹோல்கர் சொல்லிவிட, போன வருஷம் கெசீனா கூரையில் கொக்கி அடித்து எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டாள். "வீட்டுக்குள்ள சூரியன் வாங்கி மாட்டியிருக்கா என் பெண்டாட்டி" என்று லோதார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது சதவீதத்தில் தொடங்கி, மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பதினெட்டு மாதத்தில் அறுபதுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதிலும் பெரும்பகுதி நீலம். பகலில் ஒன்பது மணி நேரம் மட்டும். இந்த ஜூனில்தான் சாமந்தியைக் கொண்டுவந்து விட்டாள். அன்றைக்கே இரண்டு கோமாளி மீன்களும் அதற்குள் குடிபோய்விட்டன.

இப்போது விளக்கு நூறில் எரிந்துகொண்டிருந்தது.

கெசீனா கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள்.

கட்டைவிரல் அளவில் வந்து உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்த கிளைப் பவளம் எலும்பாக நின்றது. அதன் தோல் கந்தல் கந்தலாக உரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. பவளத்துக்குச் சொந்தமாக நிறம் கிடையாது. அதற்குள் குடியிருக்கும் பாசிதான் நிறமும் கொடுக்கும், சோறும் போடும். வெளிச்சம் தாங்கமுடியாமல் போனால் பவளம் அந்தப் பாசியையே வெளியே துரத்திவிடும். பிறகு வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும்.

சாமந்தி அதன் பாறையில் இல்லை.

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தேடினாள். இருந்தது. நிழல் தேடி நகர்ந்து நகர்ந்து, தொட்டியின் பின்மூலைக்குப் போய், அலை மோட்டாரின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாலாடை மாதிரி வெள்ளை. விரல் போன்ற அதன் நுனிகளில் இரண்டை மோட்டாரின் சல்லடை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

முழுசாக உள்ளே போய் அரைபட்டால் அதன் விஷமே போதும், தொட்டியில் ஒரு உயிர் மிஞ்சாது.

மோட்டார் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கை அணைத்தாள். ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"வந்துட்டியா? ரயில் தாமதமாகும்னு பார்த்தேன்." லோதார் காபிக் கோப்பையோடு சமையலறை வாசலில் நின்றான். சனிக்கிழமையில் வழக்கமில்லாத வழக்கமாக, இஸ்திரி போட்ட சட்டை.

"இந்த விளக்கு எப்போலேர்ந்து இப்படி எரியுது?"

"எப்படி?"

"லோதார், என் வாயைக் கிளறாதே. எப்போலேர்ந்து?"

"கரண்ட் போச்சு. செவ்வாயோ, புதனோ. திரும்பி வந்தப்போ அதுவா இப்படி ஆயிடுச்சு."

"ராத்திரியும் எரிஞ்சுதா?"

அவன் காபியை ஒரு வாய் குடித்தான். "எரிஞ்சுது போல."

"போலவா! நீ இந்த வீட்டுலதானே படுத்துத் தூங்கினே?"

"மாடியில தூங்கறவனுக்கு எப்படித் தெரியும்? ஏன் கத்தறே, இப்பத்தான் வந்திருக்கே, காபி போடட்டுமா?"

கெசீனா தண்ணீருக்குள் சல்லடையின் மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாமந்தியைப் பிடித்து இழுக்கக்கூடாது, கிழிந்துவிடும். மூடியை மட்டும் எடுத்துவிட்டு, அதுவாக விடும்வரை காத்திருக்கவேண்டும். கோமாளி மீன்களில் பெரியதான பெண்மீன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைக் கடித்தது. தன் வீட்டைப் பறிக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டது போலும். கடி, கடி, நீயாவது கோபப்படு என்று கெசீனா கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

பதினைந்து நிமிடம் கழித்து சாமந்தி பிடியை விட்டது. அதை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஏந்தி, பாறையின் நிழலான பக்கத்தில் இறக்கினாள். இரண்டு நுனிகள் போயிருந்தன. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது.

ஈரக்கையோடு ஹோல்கருக்குப் போன் போட்டாள்.

"வெள்ளையா இருக்குன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல" என்றான் ஹோல்கர். "தூக்கிப் போட்டுடாதே. விளக்கை முப்பதுக்கு இறக்கு, ஆறு மணி நேரம் போதும். நூறு லிட்டர் தண்ணி மாத்து. தண்ணியில இருக்கற விஷத்தை உறிஞ்ச கரி போடு. ரெண்டு நாள் கழிச்சு இறாலைப் பொடிசா நறுக்கிக் குடு. சாமந்தி பிழைக்கும். கிளைப் பவளத்தை மறந்துடு."

"கரண்ட் போனா விளக்கு தானா நூறுக்குப் போகுமா, ஹோல்கர்?"

"அந்த விளக்கா? சான்ஸே இல்ல. கரண்ட் வந்ததும் நீ வெச்ச அளவுக்கே வரும். மேல ஒரு பட்டன் இருக்கு பார், யாராவது அதை அழுத்திப் பிடிச்சிருக்கணும். ஆப்பைத் திற. எப்ப, யார் கைன்னு... சரி, யார் கைன்னு காட்டாது. எப்பன்னு காட்டும்."

அந்த விளக்கின் ஆப், விளக்குக்குப் பக்கத்தில் போனால்தான் வேலை செய்யும். ஹனோவரிலிருந்து அதைப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. இப்போது கெசீனா ஸ்டூலில் ஏறி நின்று போனை விளக்குக்கு அருகே நீட்டினாள். ஐந்து நாள் கணக்கு வரிவரியாக இறங்கியது.

செவ்வாய், 10.12. பட்டன். வெள்ளை நூறு. நேர அட்டவணை ரத்து.

அதற்குப் பிறகு, இன்று காலை அவள் அணைத்ததைத் தவிர, ஒரு வரியும் இல்லை. கரண்ட் போனதாகவும் இல்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கி சமையலறைக்குப் போனாள். மேஜையில் பேக்கரியிலிருந்து வந்த வெண்ணெய் கேக், பெரிய தட்டு நிறைய. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு நீ எங்கே இருந்தே?"

"கிடங்குலதான். எங்கே இருப்பேன்? ரெண்டு லாரி காபிக்கொட்டை வந்து நின்னுச்சு."

"அப்போ பத்து பன்னெண்டுக்கு நம்ம ஹால்ல நின்னு அந்தப் பட்டனை அழுத்தினது யாரு?"

லோதார் கோப்பையை வைத்தான். கழுவினான். கழுவிய கோப்பையை மறுபடியும் கழுவினான்.

"அல்முட் வந்திருப்பா. தபால் எடுக்க."

"உன் அக்கா தபால் எடுக்க வந்து, ஹால்ல ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கை அமுக்கினாளா?"

"கெசீனா, ஒரு விஷயம் சொல்லணும். சாயங்காலம் பேசலாம்னு இருந்தேன்."

"இப்பப் பேசு."

"சாயங்காலம்..."

கெசீனா போனை எடுத்து அல்முட்டின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். லோதார் கையை நீட்டினான். அவள் பார்த்த பார்வையில் கை பின்வாங்கியது.

"அல்முட், செவ்வாய்க்கிழமை என் விளக்கைத் தொட்டது யாரு?"

"ஓ, நீ வந்துட்டியா?" அல்முட்டின் குரல் எப்போதும் போல அவசரமாக இருந்தது. "நான் தொடல. போட்டோ எடுக்க வந்த பையன். அந்த நீல வெளிச்சத்துல ஹால் சாராயக்கடை மாதிரி தெரியுது, வெள்ளையா ஏதாவது எரியுமான்னு கேட்டான். பட்டன் இருந்துச்சு, அழுத்தினான். என்ன இப்போ?"

"என்ன போட்டோ?"



"லோதார் இன்னும் உன்கிட்ட சொல்லலையா? கடவுளே! பிப்ரவரியிலேர்ந்து கேக்கறேன், சொல்லிட்டியா சொல்லிட்டியான்னு. ஞாயித்துக்கிழமை சொல்றேன், லீவுல சொல்றேன்னே இழுத்துட்டிருந்தான். லோதார்! நீ அங்கேதான் நிக்கறேன்னு எனக்குத் தெரியும்."

லோதார் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான்.

"வீட்டை விக்கறோம், கெசீனா" என்றாள் அல்முட். "அப்பா எங்க ரெண்டு பேருக்கும் எழுதி வெச்ச வீடு. எனக்கு என் பங்கு வேணும். தம்பியும் சரின்னுட்டான். மூணு மணிக்கு ஒரு தம்பதியைக் கூட்டிட்டு வரேன். அந்தத் தொட்டிகிட்ட மீன் நாத்தம் வராம பார்த்துக்கோ."

அல்முட் போனை வைத்துவிட்டாள்.

கெசீனா வீட்டு விற்பனை விளம்பரத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். இணையத்தில் அவள் ஹால், அவள் சோபா, அவள் தொட்டி. தொட்டியில் கிளைப் பவளம் இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது. அது அடுத்த நாளே வெளுக்கத் தொடங்கியிருக்கும். படத்தின் கீழே இரண்டு வரி: 'அமைதியான தெரு, சிறு தோட்டம், வெளிச்சமான ஹால். மீன் தொட்டி ஒப்படைக்கும் முன் அகற்றப்படும்.'

"அகற்றப்படும்" என்று வாய்விட்டுப் படித்தாள். "யாரு அகற்றுவா? நீயா?"

"அது அல்முட் எழுதினது."

"செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தே. ஹால் பட்டப்பகல் மாதிரி எரியுது. ராத்திரி பத்து மணிக்கும் எரியுது. நீ பார்க்கல?"

"பார்த்தேன்."

"புதன்கிழமை?"

"பார்த்தேன். அந்தச் செடி மாதிரி இருக்கறது வெளுத்துட்டு வந்துச்சு. பயமாயிடுச்சு. எந்த பட்டன்னு தெரியல. பிளக்கைப் பிடுங்கினா மோட்டாரும் சேர்ந்து நின்னு மீன் செத்துடும்னு நெனச்சேன்."

"ஒரு போன் பண்ணியிருந்தா அரை நிமிஷத்துல சொல்லியிருப்பேனே!"

"பண்ணினா, யார் அழுத்தினாங்கன்னு கேட்டிருப்பே."

அதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது லோதாருக்கே கேட்டது.

கெசீனா கத்தினாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரல் அது. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது என்று பதினான்கு வருஷமாகத் தணித்தே பேசி வந்தவள், இன்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "நாலு நாள்! நாலு நாளா அது உன் கண்ணு முன்னாடி வெந்துட்டு இருக்கு! நீ பொய் வெளியே வந்துடக்கூடாதுன்னு மாடிக்குப் போய்ப் போர்த்திட்டுப் படுத்தே! தினம் ராத்திரி எனக்கு 'குட் நைட், இங்கே எல்லாம் நல்லா இருக்கு'ன்னு மெசேஜ் அனுப்பினியே, இதைப் பார்த்துட்டுத்தானே அனுப்பினே?"

"அது வெறும் பவளம், கெசீனா..."

"வெறும் பவளமா? அப்போ நான்?"



மூன்று மணிவரை அவள் தொட்டியோடேயே இருந்தாள். செத்த கிளைப் பவளத்தைப் பாறையிலிருந்து உடைத்து எடுத்தாள். கரிப்பையைக் கட்டித் தொங்கவிட்டாள். விளக்கை முப்பதுக்கு இறக்கினாள். நீல வெளிச்சம் ஹாலில் மெல்லப் பரவியது. நிலவறைக்குப் போய், எப்போதும் உப்புக் கலந்து தயாராக வைத்திருக்கும் பீப்பாயில் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள். லோதார் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்துகொண்டே இருந்தான். அவள் எதிரே வந்தால் ஒதுங்கினான்.

மணி மூன்றடித்து இரண்டு நிமிடத்தில் அல்முட் தன் சாவியைப் போட்டே கதவைத் திறந்தாள். அவள் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி, ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள்.

"மோல்டர் தம்பதி" என்று அறிமுகம் செய்தாள் அல்முட். பிறகு ஹாலைப் பார்த்து முகம் சுளித்தாள். "மறுபடியும் நீலமா? வெள்ளையா வெச்சா எவ்வளவு பெரிசாத் தெரியும்!"

"வாங்க, திருமதி மோல்டர், உக்காருங்க" என்றாள் கெசீனா. தோள்வரை சுருட்டிய கை, மணிக்கட்டில் மீன் கடித்த சிவப்பு, நகக்கண்களில் கரி. "வெண்ணெய் கேக் இருக்கு. உங்களுக்குன்னே வாங்கி வெச்சிருக்காங்க. எனக்கு இந்த வீடு விக்கறது இன்னிக்குக் காலையிலதான் தெரியும். அதனால வீட்டைச் சுத்திக் காட்ட எனக்குத் தயாரிப்பு போதாது. கேக் வெட்டத் தெரியும்."

மோல்டர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி அல்முட்டைப் பார்த்தாள்.

"அவ தமாஷ் பண்றா" என்றாள் அல்முட்.

"தமாஷா? லோதார், நீ சொல்லு, நான் தமாஷ் பண்றேனா?"

லோதார் கதவுநிலையில் சாய்ந்தபடி தலையை அசைத்தான். இல்லை என்றுதான் அசைத்தான். அன்று அவன் செய்த முதல் நேர்மையான காரியம் அது.

திருமதி மோல்டர் நல்ல பெண். இந்தச் சங்கடத்தைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு, "ஆனா உங்களுக்குப் புது வீடு கிடைச்சாச்சாமே? ஆத்தோரமா, பால்கனியோட. போன்ல உங்க கணவர் அவ்வளவு ஆசையாச் சொன்னாரே" என்றாள்.

கெசீனா லோதாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க... இன்னொரு நாள் வர்றோம்" என்றார் மோல்டர். கெசீனா வெட்டிக் கொடுத்த கேக்கைத் தொட்டும் தொடாமலும் தட்டிலேயே வைத்துவிட்டு இருவரும் மழைக்குள் போனார்கள்.

கதவு மூடியதும் அல்முட் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேஜையில் போட்டாள். "நல்லா நாடகம் போட்டே. சந்தோஷமா? இந்தா. இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"நான் எதுக்கு? உங்க வீடுதானே? நீங்களே போட்டுக்கோங்க."

அல்முட்டின் உதடு இறுகியது. சொல்ல விருப்பமில்லாத விஷயம் என்று தெரிந்தது. லோதார்தான் சொன்னான்.

"எனக்குன்னு இருக்கற சொத்து இந்தப் பங்கு ஒண்ணுதான். கல்யாணம் ஆனவன் தன் மொத்தச் சொத்தையும் விக்கணும்னா பெண்டாட்டி சம்மதம் வேணுமாம். நோட்டரி சொன்னார். உன் கையெழுத்து இல்லாம நடக்காது."

கெசீனா உறையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது இப்போது நிதானமாக, சூடு குறையாமல் நின்று எரிந்தது.

"அப்போ என்கிட்ட மறைச்ச விஷயத்துக்கே என் கையெழுத்துதான் சாவியா?" என்றாள். "அல்முட், உன் வீட்டுச் சாவியை மேஜையில வெச்சுட்டுப் போ."

"இது என் அப்பா வீடு!"

"இருக்கட்டும். மணி அடிச்சுட்டு வா. கதவைத் திறக்கறேன். ஆளில்லாத நேரத்துல வந்து என் ஸ்டூல்ல ஆளை ஏத்தற வேலை இனிமே வேண்டாம்."

அல்முட் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். சாவியை மேஜையில் எறிந்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோமாளி மீன்கள் பாறைக்குப் பின்னால் ஒளிந்தன.

நாலரை மணி. தண்ணீர் இன்னும் மாற்றவில்லை. அந்த வேலை கோபம் தணியும்வரை காத்திருக்காது. நூறு லிட்டரை நிலவறையிலிருந்து மேலே ஏற்ற ஒரு ஆள் போதாது.

"இந்தக் குழாயைப் பிடி" என்றாள். "பாறைமேல ஊத்தாதே. கண்ணாடி ஓரமா, மெதுவா."

பழைய தண்ணீரை இறக்கியாயிற்று. கீழே பம்ப்பைப் போட்டுவிட்டு மேலே வந்து, அவன் பக்கத்திலேயே நின்று அளவைப் பார்த்தாள். தண்ணீர் சுருள் சுருளாகக் கலந்தது. சாமந்தி நிழலில் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அடிப்பாகம் பாறையைப் பற்றியிருந்தது. பெண்மீன் அதன் அருகே போய் வட்டமிட்டது.

"அந்தப் பொண்ணு சொன்னாளே, ஆத்தோரம்னு" என்றாள் கெசீனா. குரலில் சத்தமே இல்லை. "வாடகைக்கா?"

"ம்."

"பார்த்துட்டியா, பேசி முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன். வர்ற ஜனவரியிலேர்ந்து."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை ரூம்?"

குழாய் கண்ணாடி ஓரத்தை விட்டு நழுவியது. தண்ணீர் கண்ணாடிக்கு வெளியே தெறித்துத் தரையில் வழிந்தது.

"லோதார். எத்தனை ரூம்?"

"ஒண்ணு. எனக்கு மட்டும்" என்றான்.

கெசீனா அவன் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள். தொட்டி நிரம்ப இன்னும் நாற்பது லிட்டர் பாக்கி இருந்தது.